முன்னறைச் சத்தம்

காய்ச்சல் மருந்துத் தாளில் ஒரு புள்ளி விழாமல் போய்விட்டது. இரண்டரை மில்லி என்று இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தைந்து என்று நின்றது. அதுவும் குழந்தைகள் மருந்து. தாள் அச்சாகி, மடிப்பு இயந்திரத்தில் மடிந்து, கட்டுக் கட்டாக மருந்துக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, அங்கே பெட்டியில் அடைக்கிற பெண் ஒருத்தி தற்செயலாக ஒன்றைப் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்தாள். எந்தக் குழந்தைக்கும் எதுவும் ஆகவில்லை. கட்டுகள் போன வண்டியிலேயே திரும்பி வந்தன.

அந்தத் தாளைப் படித்து, ஓரத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவளை அச்சகத்தில் எல்லோரும் 'ப்ரூஃப் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்துப் பெட்டிக்குள் நாலாக, எட்டாக மடித்து வைத்திருப்பார்களே, பெட்டியைத் திறந்ததும் நாம் படிக்காமல் தூக்கிப் போடுகிற தாள், அதற்குப் பிழை பார்ப்பது அவள் வேலை. கடுகு மாதிரி எழுத்து. வரிக்கு அடியில் இரும்பு ஸ்கேலை வைத்து, உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பாள். பதினாறு வருஷத்தில் அவள் 'சரி' போட்ட தாள் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதுதான் முதல் தடவை.

மேலாளர் அவளை வரச்சொல்லி, தாளை அவள் பக்கமாகத் திருப்பி மேஜைமேல் வைத்தார். அவளைவிட நாலைந்து வயது சின்னவர்.

"அக்கா, இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"எப்படிக்கா?"

அவள் தாளைப் பார்த்தாள். இப்போது பார்க்கிறபோது அந்தத் தப்பு கண்ணைக் குத்துகிற மாதிரி தெரிந்தது. அன்றைக்கு ஏன் தெரியவில்லை என்று யோசித்துப் பார்த்தாள். யோசனை பாதியில் எங்கோ போய்விட்டது. "தெரியல," என்றாள்.

"வீட்ல நடந்தது எனக்குத் தெரியாதா? மூணு மாசம்கூட ஆகல. நான்தான் வேலை அனுப்பியிருக்கக் கூடாது. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க. அப்புறம் பார்க்கலாம்."

"சரி."

எழுந்து வாசல் வரை வந்தவள், குடையை மறந்துவிட்டது நினைவுக்கு வந்து திரும்பிப் போனாள். குடையை எடுத்தாள், கைப்பையை அங்கேயே வைத்துவிட்டாள். பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது அச்சகத்துப் பெண் பையோடு பின்னால் ஓடி வந்து கொடுத்தாள். வெட்கமாக இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. வெட்கம் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் அவளுக்கு மூன்று மாதமாக எல்லாமே இருந்தது.

மறதி அவளுக்குப் புதிது இல்லை. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பேர். "இவ மண்டையில புத்தி நிறைய இருக்கு, அது உட்காரத்தான் இடமில்லை," என்று ஓர் ஆசிரியை அவள் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். கடைக்கு அனுப்பினால் பையை விட்டுவிட்டு வருவாள். பையை எடுத்து வா என்று திரும்ப அனுப்பினால், பையோடு யாரும் கேட்காத எதையோ வாங்கி வருவாள். அலட்சியம், அலட்சியம் என்று வீட்டில் சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லும் அவளோடு கூடவே வளர்ந்தது. தான் அலட்சியக்காரி என்று அவளும் நம்பினாள்.

படிப்பு முடிந்து மூன்று வேலைக்குப் போனாள். மூன்றும் நிலைக்கவில்லை. மோசமானது நூலக வேலைதான். ஊசி விழுந்தால் கேட்கிற இடம். அங்கே அவள் பதினொரு நாள்தான் தாக்குப் பிடித்தாள். ஒரு புத்தகத்தை அதன் அலமாரிக்குக் கொண்டுபோவாள், அங்கே இன்னொன்றைப் பார்ப்பாள், கையிலிருப்பதை அங்கே சொருகிவிட்டு அதை எடுத்துக்கொண்டு நடப்பாள். நூலகர் நல்ல மனுஷர். "உங்க மேல எனக்கு கோபமில்லம்மா. ஆனா நீங்க வந்ததுல இருந்து எந்தப் புத்தகமும் அதோட வீட்ல இல்ல," என்று சொல்லித்தான் அனுப்பி வைத்தார்.

இருபத்தேழு வயதில் கல்யாணம் ஆனது. கணவர் மிக்ஸி, ஃபேன், அயர்ன்பாக்ஸ் ரிப்பேர் செய்கிறவர். தெருவைப் பார்த்த முன்னறைதான் கடை. நடுவில் ஒரு துணித்திரை. திரைக்கு இந்தப் பக்கம் சின்ன நடை, சமையலறை, பின்னறை. அவ்வளவுதான் வீடு. தெருவில் அவருக்கு ரேடியோ என்று பேர். கடையில் ரேடியோ ஓயாமல் பாடியது ஒரு காரணம். அவர் வாய் அதைவிட ஓயாதது என்பது இன்னொரு காரணம். வந்தவரிடம் பேசுவார், வராதவரிடம் போனில் பேசுவார். யாரும் இல்லாவிட்டால் கையிலிருக்கிற மோட்டாரிடம் பேசுவார். "உனக்கு என்னடா நோவு? சொன்னாத்தானே தெரியும்?" என்று ஒரு மிக்ஸியை அவர் அதட்டுவதைக் கேட்டு, வாசலில் வந்த ஆள் உள்ளே யாரோ பையன் அடிவாங்குகிறான் என்று நினைத்துத் திரும்பிப் போனதும் உண்டு. செய்தி வாசிக்கிறவர் ஒரு வரி சொன்னால் இவர் இரண்டு வரி மறுப்புச் சொல்வார்.

மகளுக்கு இரண்டு வயது இருக்கும்போது யாரோ தெரிந்தவர் மூலமாக அச்சகத்திலிருந்து முப்பது தாள் வந்தது. செய்து பாருங்கள், முடியாவிட்டால் திருப்பிக் கொடுங்கள் என்றார்கள். பின்னறையில் ஜன்னலோரம் மேஜையைப் போட்டு உட்கார்ந்தாள். முன்னறையில் டிரில்லர் கரகரத்தது, ஃபேன் ஓடியது, ரேடியோ பாடியது, அவர் யாரிடமோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. முப்பது தாளும் முடிந்திருந்தன. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காரியத்தை உட்கார்ந்த இடத்தில் ஆரம்பித்து அதே இடத்தில் முடித்திருந்தாள்.

"கல்யாணம் ஆனா பொறுப்பு தானா வரும்னு நான் அப்பவே சொன்னேன்ல," என்றாள் அவள் அம்மா. அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். பதினாறு வருஷம் அப்படித்தான் போயிற்று. வேறு காரணம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அவர் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஒரு டேபிள் ஃபேன் சூடாகிறது என்று யாரோ கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். பழுது பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்கலாம் என்று ஓட விட்டிருந்தார். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவள் பின்னறையில் ரத்த அழுத்த மாத்திரைத் தாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அயர்ன்பாக்ஸை வாங்கிப் போக வந்த பக்கத்துத் தெருப் பெண் திரையை விலக்கி எட்டிப் பார்த்து, "அக்கா, அண்ணன் தூங்குறாரா? கூப்பிட்டா எழுந்திருக்க மாட்டேங்குறாரு," என்றாள்.

வேலை மேஜைமேல் கையை மடித்து, கைமேல் தலை வைத்திருந்தார். பக்கத்தில் ஃபேன் காற்றில் அவர் சட்டைக் காலர் படபடத்துக்கொண்டிருந்தது. மாரடைப்பு, முக்கால் மணி நேரத்துக்கு மேலேயே ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அந்த முக்கால் மணி நேரத்தில் அவள் பதினான்கு தாள் பார்த்திருந்தாள். ஒன்றிலும் பிழை விடவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஃபேனுக்குச் சொந்தக்காரர் வந்தார். அவருக்கு விவரம் தெரியாது. "சரியாயிடுச்சாம்மா?" என்று கேட்டார்.

"ஒரு மணி நேரம் ஓடிச்சு. சூடாகல," என்று சொல்லி எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டை அமைதியாக்கியவள் நாத்தனார். கணவரின் தங்கை, இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். தங்கமான மனசு. தினமும் கேரியரில் சாப்பாடு கொண்டுவந்தாள். ரேடியோவின் ஒயரைப் பிடுங்கிச் சுற்றி அலமாரியில் வைத்ததும், முன்னறையைப் பூட்டியதும், வந்தவர்களிடம் "மெதுவா பேசுங்க, அண்ணிக்குக் கொஞ்சம் அமைதி வேணும்" என்று கையமர்த்தியதும் அவள்தான். டிக் டிக் என்று சத்தம் போடுகிறதென்று சுவர்க் கடிகாரத்தைக்கூடக் கழற்றிக்கொண்டு போனாள். அண்ணி நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் எல்லாம் செய்தாள்.

அந்த அமைதியில் அவள் மறுபடியும் பம்பரமானாள். மேஜை முன் உட்கார்ந்தால் ஃப்ரிட்ஜ் 'டொக்' என்று நிற்கும், அவள் தலை நிமிரும். குழாய் சொட்டும், எழுந்து போவாள். போன இடத்தில் ஒரு டம்ளர் கழுவாமல் கிடக்கும். அதைக் கழுவப் போனால் ஜன்னலுக்கு வெளியே ஒரு சைக்கிள் மணி. முன்பெல்லாம் இவை இல்லாமலா இருந்தன? இருந்தன. முன்னறைச் சத்தத்தில் அமுங்கிக் கிடந்தன. இப்போது ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து கதவைத் தட்டியது. ஒரே வரியை ஒன்பது தடவை படிப்பாள். ஒன்பதாவது தடவையும் அது அவளுக்குள் போகாது. துக்கம் இப்படித்தான் இருக்கும்போல என்று எண்ணிக்கொண்டாள். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். அழுகை ஏன் வரவில்லை என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

புள்ளி விஷயத்துக்குப் பிறகு மேலாளர் வெளியூரில் படிக்கிற மகளுக்குப் போன் செய்துவிட்டார். மகள் வெள்ளிக்கிழமை வந்து இறங்கினாள். அடுப்பில் கருகிய பால், துவைக்கும் இயந்திரத்தில் இரண்டு நாளாக ஊறிய துணி, திறந்தபடி கிடந்த பீரோ எல்லாவற்றையும் பார்த்தாள். துணியை எடுத்துக் காயப்போட்டாள். திங்கள்கிழமை அம்மாவை ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனாள்.

கூடத்தில் கூட்டம். டிவி அலறிக்கொண்டிருந்தது. இரண்டு குழந்தைகள் முறை வைத்து அழுதன. ஆறு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். அவள் ஒரே மூச்சில் நிரப்பினாள். நாலாம் பக்கத்தில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது, அதையும் திருத்தினாள்.

டாக்டர் நடுவயதுப் பெண். கதவைச் சாத்திய அறையில் அவர் கேட்டதற்கெல்லாம் அவள் பாதி பதில் சொல்லி நிறுத்தினாள். "என்ன கேட்டீங்க?" என்று மூன்று தடவை கேட்டாள். டாக்டர் படிவத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நீங்களே எழுதினதா?"

"ஆமா."

"இவ்வளவு சுத்தமா எனக்கு யாரும் நிரப்பிக் குடுத்ததில்ல. எங்க உட்கார்ந்து எழுதினீங்க?"

"வெளியில. டிவி பக்கத்துல."

"வீட்ல சத்தம் இருக்குமா?"

"இருந்துச்சு," என்றாள்.

அப்புறம் டாக்டர் பள்ளிக்கூடம், நூலகம், பின்னறை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அடுத்த வாரமும் வரச் சொன்னார். அவள் அம்மாவிடம் போனில் பேசினார். பிறகு ஒருநாள் சொன்னார், "துக்கம் இருக்கு, அது இல்லன்னு சொல்லல. ஆனா உங்களுக்கு ஏ.டி.எச்.டி. இருக்கு. கவனம் ஒரு இடத்துல நிக்காத தன்மை. சின்ன வயசுல இருந்தே இருந்திருக்கு, யாரும் கவனிக்கல. உங்க மூளைக்கு ஓரமா ஏதாவது ஒரு சத்தம் ஓடிட்டே இருந்தா மத்தது நிலைக்கு வருது. எல்லாருக்கும் அப்படி இல்ல. சிலருக்கு சத்தம் தொந்தரவு. உங்களுக்கு அது கைப்பிடிச் சுவர் மாதிரி. உங்க வீட்டுக்காரர் கடை இத்தனை வருஷம் அதைக் குடுத்துட்டு இருந்திருக்கு."

"அப்ப அலட்சியம் இல்லையா?"

"இல்ல."

நாற்பத்தாறு வருஷத்தில் யாரும் சொல்லாத வார்த்தை. சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. "சரி," என்றாள்.

மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்து, மாத்திரையைப் போடுவதற்கு முன் உள்ளே இருந்த தாளை எடுத்து ஸ்கேலை வைத்துப் படித்தாள். இரண்டு இடத்தில் காற்புள்ளி விட்டுப்போயிருந்தது. வேறு அச்சகத்துத் தாள். "அம்மா, மாத்திரையைப் போடும்மா," என்றாள் மகள்.

மாத்திரை கொஞ்சம் உதவியது. சத்தத்தைத் தேடிப் பிடிக்கிற வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். ஹெட்போன் ஒன்று வாங்கி வந்து, போனில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கொடுத்தாள். மழைச் சத்தம் போட்டால் அவள் கொடியில் கிடக்கிற துணியை எடுக்க எழுந்து ஓடினாள். பாட்டுப் போட்டால் பாட்டின் வார்த்தைக்கெல்லாம் மனசுக்குள் காற்புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். வார்த்தை இல்லாத வயலின் இசை போட்டால், அடுத்து எங்கே திரும்பப்போகிறது என்று காத்திருந்தாள். தூரத்தில் அருவி விழுகிற மாதிரி ஒரே சீராக ஒரு இரைச்சல், மணிக்கணக்கில் ஓடுவது, அது பரவாயில்லை. ஆனால் அரை மணி நேரத்தில் தலைக்குள் பஞ்சை அடைத்தது போல ஆகிவிடும். தெரியாத மொழியில் ஒரு கால்பந்து வர்ணனை கிடைத்தது. அதைக் கேட்டபடி ஒருநாள் ஆறு தாள் பார்த்தாள். மாதிரிக்கென்று வீட்டில் கிடந்த பழைய தாள்கள்தான். ஏழாவது தாளில் கோல் விழுந்துவிட்டது.

"எவ்வளவு பேரு கத்துறாங்க பாரு," என்றாள் மகளிடம். "யாருக்கு என்ன ஆச்சோன்னு பயமா இருக்கு."

மறுநாள் மகள் தயங்கித் தயங்கித் தன் போனைக் கொண்டுவந்தாள். "அம்மா, அப்பா எனக்கு அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாம் இருக்கு. இருநூறுக்கு மேல. ஒவ்வொண்ணும் ஏழு நிமிஷம், எட்டு நிமிஷம். பின்னாடி ரேடியோ, டிரில்லர் எல்லாமே கேக்குது. இதைப் போட்டுட்டு வேலை பார்த்துப் பாரேன்."

ஹெட்போனில் போடவில்லை. மேஜைமேல் வைத்து ஓட விட்டார்கள். முன்னறையே எழுந்து உள்ளே வந்த மாதிரி அந்தச் சத்தம் வந்தது. அவள் ஸ்கேலைக் கையில் எடுத்தாள். முதல் வரியைத் தாண்டவில்லை. அவர் ஒரு மிக்ஸிக்குள் ஸ்பூன் சிக்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அதைக் கேட்டாள். அடுத்ததில் வாடிக்கைக்காரர் ஒருவருக்கும் அவர் அயர்ன்பாக்ஸுக்கும் நடந்த சண்டை. அதையும் கேட்டாள். பத்தொன்பது வருஷம் இந்த மனுஷர் திரைக்கு அந்தப் பக்கம் பேசியதில் தனக்கு ஒரு கதைகூட நினைவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் பேச்சு அவளுக்குப் பேச்சாக வந்து சேரவே இல்லை. இப்போது சேருகிறது, வேலை ஓடவில்லை.

நாலாவது மெசேஜில் அவர் குரல் கொஞ்சம் தணிந்தது. "உங்கம்மாவா? உள்ளதான் இருக்கா. நான் கத்துறது எதுவும் அவ காதுல ஏறாது. ஆனா ரெண்டு நிமிஷம் வாயை மூடினேன்னு வை, ரேடியோவையும் அணைச்சேன்னு வை, திரையை விலக்கிட்டு வந்து நிப்பா, 'என்னங்க ஆச்சு'ன்னு. அதுக்குப் பயந்தே பேசிட்டு இருக்கேன்னு வச்சுக்கோயேன்." சிரித்தார். பின்னால் யாரோ "அண்ணா, என் ஃபேன் ஆச்சா?" என்று கேட்க, மெசேஜ் முடிந்தது.

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"பசிக்குதா உனக்கு?" என்றாள் அவள். "சாப்பிடலாம் வா."

மகள் அழுதுவிட்டாள். அவள் மகளின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். யார் வீட்டுப் பிள்ளையையோ தேற்றுகிற மாதிரி இருந்தது கை. அவளுக்குள் ஓடியது ஒன்றுதான். அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் வாயை மூடிய பிறகும் ரேடியோ பாடியது, ஃபேன் ஓடியது. தான் திரையை விலக்கிக்கொண்டு போகவில்லை.

இதை அவள் டாக்டரிடம் மட்டும்தான் சொன்னாள்.

"முன்னாடியே போயிருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு நினைக்கிறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"தெரியல."

"எனக்கும் தெரியாது. இல்லவே இல்லன்னு உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். ஆனா சத்தம் இருந்ததால நீங்க எழுந்து வரல. அது அலட்சியம் ஆகாது."

அவள் தலையாட்டினாள். பிறகு, "அழுகை எப்ப வரும்?" என்று கேட்டாள், பேருந்து எப்போது வரும் என்று கேட்கிற குரலில்.

"அதுக்கு என்னால தேதி குடுக்க முடியாதும்மா," என்றார் டாக்டர்.

மகள் கல்லூரிக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தது. போகிற அன்று நாத்தனார் கேரியரோடு வந்து உட்கார்ந்து, பேச்சோடு பேச்சாக ஆரம்பித்தாள்.

"அண்ணி, முன்னறையைச் சும்மா பூட்டி வச்சிருக்கிறதுக்கு யாருக்காவது விடலாமே. வீட்ல ஒரு ஆள் நடமாட்டம் இருக்கும். இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருத்தர் கேட்டாரு. மேஜை, நாற்காலி, அவ்வளவுதான். ஆள் இருக்கிறதே தெரியாது, பூனை மாதிரி."

"அவர் வேண்டாம்."

"ஏன்?"

"பூனை மாதிரின்னு சொன்னியே."

நாத்தனாருக்கு விளங்கவில்லை. மகள்தான் எடுத்துச் சொன்னாள், டாக்டர் சொன்னது எல்லாவற்றையும். நாத்தனாருக்குச் சுவர்க் கடிகாரம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், "நான் கெட்டது செஞ்சுட்டேனா அண்ணி?" என்று மெல்லக் கேட்டாள்.

"உனக்கெப்படித் தெரியும்? எனக்கே தெரியாது," என்றாள் இவள்.

அதன் பிறகு சத்தம் போடுகிற ஆளாகத் தேடியதும் நாத்தனார்தான். எந்த வீட்டுக்காரி சத்தத்துக்கு ஆள் தேடுவாள் என்று தரகர் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். மிருதங்கம் வாசிக்கக் கற்றுக்கொடுக்கிற ஒருவர் வந்தார். வாரத்தில் இரண்டு நாள்தான் வகுப்பு என்றதால் அவர் தோதுப்படவில்லை. கடைசியில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற ஒரு பெண் வந்தாள். இரண்டு தையல் மெஷின், ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் ஒன்று, கூட வேலைக்கு இரண்டு பெண்கள். "சத்தமா இருக்கும்கா, சொல்லிட்டேன்," என்றாள். "நாங்க மூணு பேரும் பேசிட்டேதான் தைப்போம்."

"காலையில எத்தனை மணிக்கு வருவீங்க?"

"ஒன்பதுக்கு."

"எட்டரைக்கு வர முடியுமா?" என்று கேட்டாள்.

அறையைக் காலி செய்ய ஒருநாள் பிடித்தது. யாரும் வாங்க வராத அயர்ன்பாக்ஸ்களையும் மிக்ஸிகளையும் இன்னொரு ரிப்பேர் கடைக்காரர் வந்து ஏற்றிக்கொண்டு போனார். வேலை மேஜையைத் தையல்காரப் பெண் துணி வெட்ட வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். "வச்சுக்கோ," என்றாள். அவள் நினைத்த அளவுக்கு அது கஷ்டமாக இல்லை. லேசாகவும் இல்லை.

மூன்றும் சேர்ந்து ஓடும்போது சன்னமாக ஒன்று, கரகரப்பாக ஒன்று, விட்டுவிட்டு ஒன்று என்று மெஷின் சத்தம் திரையைத் தாண்டி வந்தது. இடையிடையே மூன்று பேரின் பேச்சு, சிரிப்பு, யாரோ யாரையோ திட்டுவது. முதல் நாளே ஒன்றும் நடந்துவிடவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. நாலாம் நாள் ஒரு பழைய தாளை எடுத்தவள் நிமிர்ந்தபோது தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

மேலாளருக்குப் போன் செய்தாள். அவர் உடனே வேலை கொடுத்துவிடவில்லை. ஒரு தாளை மட்டும் அனுப்பி வைத்தார். வேண்டுமென்றே ஏழு பிழை வைத்த தாள், புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கொடுப்பது. மறுநாள் அவள் அதை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் சிவப்புக் குறிகளை எண்ணினார், மறுபடியும் எண்ணினார்.

"ஏழுதான்கா இருக்கணும்."

"ஒன்பது இருக்கு."

அந்த இரண்டும் பத்து வருஷமாக அந்தச் சோதனைத் தாளில் யார் கண்ணிலும் படாமல் இருந்து வந்தவை. மேலாளர் சிரித்தார். அடுத்த வாரத்திலிருந்து தாள் வந்தது. முதல் இரண்டு மாதம் அவள் பார்த்ததை இன்னொருவரும் பார்த்தார். பிறகு அதுவும் நின்றுவிட்டது.

அப்படியென்றால் எல்லாம் முன்பு போல ஆகிவிட்டதா என்று கேட்டால், ஆகவில்லை. போனில் அரை மணிக்கு ஒரு தடவை மணி அடிக்க வைத்திருக்கிறாள். அடித்ததும் ஸ்கேலைத் தாளின்மேலேயே வைத்துவிட்டு எழுந்து போய்த் திரையை விலக்கி நிற்பாள். முதலில் அந்தப் பெண்கள் பதறினார்கள்.

"என்னக்கா, சத்தம் அதிகமா இருக்கா?"

"இல்ல. சும்மா பார்க்க வந்தேன்."

மூன்று முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். திரும்பி வந்து வேலையைப் பிடிக்கப் பத்து நிமிஷம் ஆகும். ஒரு நாளைக்கு நாலு தாள் குறைகிறது. டாக்டரிடம் சொன்னபோது, அதை மெல்ல மெல்ல முக்கால் மணி ஆக்கிப் பார்க்கலாமா என்றார். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறாள். இன்னும் ஆக்கவில்லை. அந்தப் பெண்களுக்கும் பழகிவிட்டது. திரை விலகினால் மெஷினை நிறுத்தாமலே முகத்தை மட்டும் தூக்கிக் காட்டுவார்கள்.

அழுகையும் வரவில்லை. மகள் போனில் கேட்டால், "இன்னும் இல்ல," என்று சொல்வாள், கடிதம் வந்ததா என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போல. சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். வாரத்தில் ஒருநாள் மகள் அனுப்பிவைத்த மெசேஜ்களில் ஒன்றை எடுத்து, வேலையெல்லாம் முடிந்த பிறகு, வேறெதுவும் செய்யாமல் உட்கார்ந்து கேட்கிறாள். இதுவரை முப்பத்தொன்று ஆகியிருக்கிறது.

போன மாதம் ஒருநாள் பதினொரு மணிக்குக் கரண்ட் போயிற்று. மெஷின்கள் ஒரே நேரத்தில் அடங்கின. அவள் அந்தக் கணமே எழுந்து முன்னறைக்கு வந்துவிட்டாள். மூன்று பேரும் வாசற்படியில் காற்று வாங்க உட்கார்ந்திருந்தார்கள். "வாங்கக்கா, இப்போதைக்கு வராதாம்," என்று இடம் விட்டாள் தையல்காரப் பெண். அவளும் உட்கார்ந்தாள். ஓவர்லாக் அடிக்கிற பெண் தன் அண்ணன் வீடு மாறிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பீரோ படிக்கட்டில் ஏறியதாம், கதவில் நுழையவில்லையாம். நேராக வைத்துப் பார்த்தார்களாம், படுக்க வைத்துப் பார்த்தார்களாம். அண்ணி மட்டும் பழைய வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்று புலம்பியபடி நின்றாளாம். மற்ற இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் கதை எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கதை பாதியில் இருக்கும்போது கரண்ட் வந்துவிட்டது. மூவரும் எழுந்து தூசி தட்டிக்கொண்டு மெஷினுக்குப் போனார்கள். அவள் நடையில் நின்றாள்.

"அப்புறம் பீரோ உள்ள போச்சா?"

"அதை ஏன்கா கேக்குறீங்க," என்றாள் அந்தப் பெண், காலை மிதியில் வைத்தபடி. "கதவையே கழட்டிட்டாங்க. இன்னும் மாட்டல."

அவள் பின்னறைக்குப் போய் மேஜை முன் உட்கார்ந்தாள். கண் சொட்டு மருந்துத் தாள், பாதி முடிந்திருந்தது. விட்ட வரியைக் கண்டுபிடித்து அதன் அடியில் ஸ்கேலை வைத்தாள்.